செம்பில் வெட்டிய பெயர்

பரணிலிருந்து இறக்கிய பித்தளைச் செம்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். களிம்பேறிக் கறுத்துக் கிடக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால், கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள் மெல்லத் தெரிகின்றன: ‘வே. பொன்னம்மாள், ஈஸ்வர வரு. தை’. பொன்னம்மாள் யாரென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அப்பாவைக் கேட்டால், “எங்க அப்பாயியா இருக்கலாம், அவங்களுக்கு முந்தினவங்களாவும் இருக்கலாம்” என்கிறார்.

தனியாக வைத்துப் பார்த்தால் இந்தச் செம்பு அத்தோடு பரணுக்குத் திரும்பிவிடும். இதே செம்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், ஊர்க் கிளை நூலகத்தில் இருபது பேர் கூடியிருக்கும் மேசைக்கு வந்தால் என்ன நடக்கும்? அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

ஊர் வரலாற்றையும் குடும்ப வரலாற்றையும் பொதுமக்களே கூடிப் பேசுவது நமக்குப் புதிதல்ல. சென்னையில் 2004ஆம் ஆண்டு முதல் ஆகஸ்ட் 22ஐ ஒட்டி மதராஸ் தினம் கொண்டாடப்படுகிறது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடற்கரையில் ஒரு துண்டு நிலம் கிடைத்ததை வைத்துக் குறித்த நாள் அது. வரலாற்றாளர் எஸ். முத்தையா உள்ளிட்ட சிலர் தொடங்கிவைத்தார்கள். தெருநடை, பேச்சு, பழைய படக் கண்காட்சி என்று ஆர்வலர்களே அதை வளர்த்தெடுத்தார்கள். பெரிய நகரத்துக்குக் கோட்டையும் கவர்னர்களும் இருக்கிறார்கள். சிற்றூருக்கு என்ன இருக்கிறது? பரண் இருக்கிறது. பரணில் இருப்பதை வாசிக்கக் கற்றுத்தருவதுதான் நான் சொல்லும் பட்டறை.

பதினைந்து கட்டங்கள்

முதல் வேலை எளிது. ஆளுக்கு ஒரு தாள். அடியில் ஒரு கட்டம், அது நாம். அதற்கு மேல் பெற்றோருக்கு இரண்டு, தாத்தா பாட்டிகளுக்கு நான்கு, அவர்களைப் பெற்றவர்களுக்கு எட்டு. ஆக மொத்தம் பதினைந்து. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் தாள்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி நிரம்பியிருக்கும். ஓர் ஓரத்தில் அப்பா, அப்பாவின் அப்பா, அவருடைய அப்பா என்று பெயர்கள் ஏணிபோல ஏறும். மற்றப் பக்கம் போகப்போக வெற்றுக் கட்டங்கள். மேல் வரிசை எட்டில் நான்கு பேர் பெண்கள். அந்த நான்கில் ஒன்று நிரம்பினாலே பெரிது.

இதற்குக் காரணம் நம் மறதி மட்டுமல்ல, பெயர் வைக்கும் முறையும்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான் உண்டு. அது அப்பாவின் பெயர். ஆகவே ஒவ்வொரு பெயரும் தனக்கு முந்தைய ஓர் ஆணின் பெயரைத் தலையில் சுமந்துகொண்டே நடக்கிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. ‘பெயரன்’தான் பேரன் ஆனான். ஆண் பெயர் ஒரு தலைமுறை விட்டுத் திரும்பத் திரும்ப வருகிறது. இது தேடுகிறவருக்கு உதவியும் செய்யும், குழியும் பறிக்கும். தாத்தா கருப்பையாவும் அவருடைய தாத்தா கருப்பையாவும் பேச்சில் ஒரே ஆளாகிவிட்டால் நடுவில் ஐம்பது அறுபது வருடம் காணாமல் போய்விடும்.

பெண்ணின் நிலை வேறு. கல்யாணத்துக்குப் பிறகு அவள் தலைப்பெழுத்து மாறுகிறது. புகுந்த வீட்டில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. ‘ஆத்தா’, ‘அப்பாயி’, ‘இன்னார் வீட்டுக்காரி’ என்றோ, பிறந்த ஊரின் பெயராலோதான் அழைப்பார்கள். இரண்டு தலைமுறை போனால் பெயரே கரைந்துவிடும். அந்த வீட்டில் அவள் பெயர் எஞ்சியிருக்கும் ஒரே இடம் சீர்ப் பாத்திரமாக இருக்கக்கூடும்.

செம்பு மேசையைச் சுற்றி வருகிறது. ‘வே.’ என்பது அப்பாவா, புருஷனா? “சீர்ச் செம்புன்னா பொறந்த வீட்டு எழுத்துதான் இருக்கும்” என்பார் ஒரு பெரியம்மா. “எங்க பக்கம் சீர் குடுத்தவர் பேரைத்தான் வெட்டுவோம்” என்பார் இன்னொருவர். தீர்ப்புச் சொல்ல அவசரப்பட வேண்டாம். இருவர் சொன்னதையும், சொன்னவர் பெயர், ஊர், தேதியோடு குறித்துக்கொள்ள வேண்டும். சொன்னவர் யார் என்று தெரியாத செய்தி, கையெழுத்தில்லாத பத்திரம் போன்றது.

ஈஸ்வர வருஷம் எது?

அடுத்தது காலம். பிரபவ முதல் அட்சய வரை 60 வருஷங்கள் ஒரு சுற்று. ஈஸ்வர பதினோராவது. அது 1997இல் வந்தது. அதற்கு முன் 1937இல், அதற்கும் முன் 1877இல். செம்பின் வார்ப்பும் எழுத்தின் உருவும் அப்பாவின் வயதும் சேர்ந்து 1937ஐக் காட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆனால் தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது. தை மாதம் என்றால் ஆங்கில ஆண்டு மாறிவிடும். ஆகவே இந்தச் செம்பின் காலம் 1938 ஜனவரி பாதியிலிருந்து பிப்ரவரி பாதிக்குள். ஒரு மாதக் கணக்கில் ஒரு கல்யாணம் பிடிபட்டுவிட்டது.

இதே முறையில் மற்றக் கணக்குகளையும் பழக வேண்டும். வருவாய்த்துறைக் காகிதங்களில் பசலி ஆண்டு இருக்கும். அதோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும், ஜூலை 1 அதன் முதல் நாள். பசலி 1347 என்பது 1937 ஜூலை முதல் 1938 ஜூன் வரை. தென்கோடி மாவட்டங்களில் கொல்லம் ஆண்டு. பொன்னம்மாளின் தை மாதம் கொல்லம் 1113இல் விழுகிறது. மூன்று காகிதங்களில் மூன்று ஆண்டுகள் கண்டதும் மூன்று வேறு சம்பவங்கள் என்று மயங்கியவர்கள் உண்டு. மூன்றும் ஒரே கல்யாணமாக இருக்கலாம்.

ஆண்டே தெரியாதவர்களுக்கு ஊர் நினைவுதான் நாட்காட்டி. “எம்டன் குண்டு போட்டப்போ எங்க தாத்தா கைப்பிள்ளை” என்றால் அது 1914 செப்டம்பர் 22ஐ ஒட்டிய காலம். தாது வருஷப் பஞ்சம் என்றால் 1876 முதல் 1878 வரை. தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி. இவை எல்லோருக்கும் பொதுவான முளைக்குச்சிகள். இவற்றுக்கு நடுவே ஊருக்கே உரிய முளைகளையும் அடிக்க வேண்டும்: கண்மாய் உடைந்த வருஷம், முதல் பேருந்து வந்த வருஷம், கரண்டு வந்த வருஷம், காலரா வந்த வருஷம். ஒரு பெரிய தாளைச் சுவரில் ஒட்டி ஆளுக்கொன்றாகச் சொல்லச் சொன்னால், ஒருவர் தவறாகச் சொன்னதை அடுத்தவர் திருத்துவார். தன் வீட்டுக் கூடத்தில் யாரும் திருத்தாமல் வளர்ந்த கதை, ஊர்க் கூடத்தில் திருத்தம் பெறுகிறது.

அடுத்த வீட்டு நோட்டு

இனிப் பட்டறையின் கருப்பொருளுக்கு வருகிறோம். நம் வீட்டில் இல்லாத பெயர் இன்னொரு வீட்டில் இருக்கிறது. குடும்ப வரலாற்றை நாம் ஏன் கூடித் தேட வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

மொய் நோட்டைப் பாருங்கள். ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதியிருக்கும். பணத்தை விடுங்கள், அது ஒரு குடும்பத்தின் உறவு வரைபடம். எந்தெந்த ஊரோடு கொண்டு கொடுத்தார்கள், எந்தத் தலைமுறையில் எந்த ஊரோடு தொடர்பு அறுந்தது என்பதெல்லாம் அதில் தெரியும். பொன்னம்மாளின் மகன் கல்யாண மொய் நோட்டு எங்காவது கிடைத்தால், முதல் பக்கத்தில் தாய்மாமன் பெயரைத் தேட வேண்டும். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் என்றால் பொன்னம்மாளுக்கு அண்ணனோ தம்பியோ. அவர் தலைப்பெழுத்தும் ‘வே.’ என்றிருந்தால், செம்பில் இருப்பது பிறந்த வீட்டு எழுத்துதான் என்பது உறுதிப்படும். அவர் பெயருக்கு முன்னால் எழுதியிருக்கும் ஊர், பொன்னம்மாள் பிறந்த ஊராக இருக்கலாம். பெரியம்மா சொன்னதற்குச் சாட்சி கிடைத்துவிடும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. நாம் செய்த மொய் நம் நோட்டில் இருக்காது, வாங்கியவர் நோட்டில்தான் இருக்கும். நம் தாத்தா எந்தப் பெயரில், எந்த ஊர்க்காரராக, யாரோடு சேர்ந்து மொய் எழுதினார் என்பதை அடுத்த வீட்டார் நோட்டைத் திறந்தால்தான் அறிய முடியும். பழைய கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, ஜாதக நோட்டு எல்லாமே இப்படித்தான். நம்மைப் பற்றிய எழுத்து பாதிக்கு மேல் பிறர் பெட்டியில் கிடக்கிறது.

பத்திரங்களிலும் இதே கதை. ஒரு கிரயப் பத்திரத்தில் விற்றவர், வாங்கியவர், சாட்சிகள், இவர்களோடு நான்கெல்லை எழுதப்பட்டிருக்கும்: இன்னார் புஞ்சைக்கு வடக்கு, இன்னார் வீட்டுக்குக் கிழக்கு. நமக்கு அது பக்கத்து நிலத்துக்காரர் பத்திரம். அதன் எல்லையில் நிற்பவர் நம் கொள்ளுத்தாத்தாவாக இருக்கலாம். நாலு பேர் தங்கள் பழைய பத்திரங்களைக் கொண்டுவந்து எல்லைகளை ஒட்டிப் பார்த்தால், 1930களின் தெரு ஒன்று மேசைமேல் எழுந்து நிற்கும்.

யார் பெயர் எழுதப்படவில்லை?

ஆவணங்களைப் படிக்கத் தொடங்கும்போதே அவற்றில் யார் இல்லை என்பதையும் கவனிக்கப் பழக வேண்டும். பாகப் பிரிவினைப் பத்திரங்களில் அண்ணன் தம்பிகள் வரிசையாக இருப்பார்கள். அக்கா தங்கைகளைப் பெரும்பாலும் காண முடியாது. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்கும் பங்கு தந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989இல்தான் வந்தது. அதுவும் அப்போது, அதற்கு முன்பே மணமானவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1956க்குப் பிறகு பெண்களின் பெயர் பத்திரங்களில் தலைகாட்டுகிறது. ஆனால் பல குடும்பங்களில் அது விடுதலைப் பத்திரமாக இருக்கிறது. தன் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்து, கைநாட்டு வைக்கும் இடத்தில்தான் அவள் முழுப்பெயர் முதன்முதலாக அரசாங்க முத்திரைக்குக் கீழே வருகிறது. பொன்னம்மாளின் பெயரும் அப்படி ஒரு தாளில் இருக்கக்கூடும். அதைப் படிக்கும்போது கூட்டம் சற்று நேரம் பேசாமல் இருக்கும். அந்த அமைதிக்கு இடம் கொடுப்பதும் பட்டறை நடத்துகிறவர் வேலை.

நிலமே இல்லாதவர்களுக்கு நிலப் பதிவேட்டில் இடம் ஏது? பல தலைமுறையாக அடுத்தவர் வயலில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் வெற்றுத் தாளோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு வேறு தடங்கள் காட்ட வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதுதான். எந்த நிலம் அப்படி ஒதுக்கப்பட்டது, பின்னர் யார் பெயருக்கு மாறியது என்பதை ஊரின் ‘அ’ பதிவேட்டிலும் பழைய செட்டில்மெண்ட் பதிவேடுகளிலும் தேடலாம். தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் பெற்றோர் இருவர் பெயரும் இருக்கும். ஊரில் முன்பு முன்சீப்பு வைத்திருந்த பிறப்பு இறப்புக் குறிப்புகளும் உண்டு. பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியம் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டபோது கணக்குகள் கைமாறின. எழும்பூரில் 1909இல் கட்டிய ஆவணக்காப்பகம் தமிழ்நாட்டு ஆவணங்களுக்குத் தாய்வீடு.

பெயர்களைத் தேடும்போது இன்னொன்றும் நினைவிருக்கட்டும். 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. அப்பாவுக்குப் பட்டம் இருந்து மகனுக்கு இல்லாமல் போனதும், ஒரே மனிதர் முன்பு பட்டத்தோடும் பின்பு இல்லாமலும் எழுதப்பட்டதும் உண்டு. இரண்டும் வேறு ஆட்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

கப்பல் ஏறியவர்கள்

நிலத்தில் பெயர் இல்லாதவர்களின் பெயர் கடலுக்கு அப்பால் கிடைப்பதும் உண்டு. ஒப்பந்தக் கூலிகளாக 1834 முதல் மொரிஷியசுக்கும், 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் நம் மக்கள் போனார்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறையை அடைந்தது. அந்தக் கப்பல்களின் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடலில் உள்ள அடையாளம். பெண்களுக்கும் தனித்தனி எண், தனித்தனிப் பெயர். ஊரில் எந்தக் கணக்கிலும் ஏறாத ஒரு பெண் கப்பல் கணக்கில் முழு மனுஷியாக நிற்கிறாள். அவளை அங்கே கூலியாகத்தான் எழுதினார்கள் என்பதையும் மறக்க முடியாது.

மொரிஷியசின் மோக்கா நகரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் அந்தக் குடியேற்றப் பதிவேடுகளைக் காத்து வருகிறது. கப்பல் ஏறியவர்களின் வழித்தோன்றல்கள் ஊர் தேடி வருகிறார்கள். கையில் இருப்பது வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஓர் ஊர்ப் பெயர். எழுத்து சிதைந்த அந்தப் பெயர் எந்த ஊர் என்று வரைபடம் சொல்லாது. அந்தத் தாலுகாவில் பிறந்து, குக்கிராமங்களின் வழக்குப் பெயரெல்லாம் அறிந்த ஒரு பெரியவர் உரக்க வாசித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்களுக்கும் இதே தேவை இருக்கிறது. அவர்கள் பெயரை வைத்திருப்பது கடலுக்கு அப்பால் உள்ள காகிதம். ஊரை வைத்திருப்பது நம் நாக்கு. இரண்டும் ஒரு மேசையில் சந்திக்க வேண்டும்.

கல்லும் பிடிமண்ணும்

காகிதம் முடிகிற இடத்தில் கல் தொடங்குகிறது. நம் பெரும்பாலான குடும்பங்களின் நேர்த்தடம் கல்வெட்டு வரை போகாது. அப்படிப் போவதாக யாராவது சொன்னால் சாட்சி கேட்க வேண்டும். ஆனால் ஊர் போகும். கோயில் சுவரில் ஏரியின் பெயரும் வாய்க்காலின் பெயரும் வயலின் எல்லையும் இருக்கும். சில பெயர்கள் இன்றும் அதே வயலுக்கு வழங்கும். பெண்களும் அங்கே இருக்கிறார்கள். கோயிலுக்கு நந்தா விளக்கு எரிய 96 ஆடு கொடுத்த பெண்களின் பெயர்களைச் சோழர் காலக் கல்வெட்டுகளில் காணலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் நாடெங்கும் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று ஒவ்வொருவர் பெயரும் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தப் பெண்களின் முகவரி நமக்குத் தெரிகிறது. தொண்ணூறு ஆண்டுக்கு முந்தைய நம் அப்பாயியின் ஊர் தெரியவில்லை. எழுதினால் நிற்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கல்வெட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எழுத்தின்மேல் சுண்ணாம்பு தடவாதீர்கள், எண்ணெய் ஊற்றாதீர்கள். பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழும் வெளிச்சத்தில் படம் எடுத்தாலே எழுத்து எழும்பும். மணல் வீச்சால் சுவரைச் சுத்தம் செய்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

குலதெய்வம் இன்னொரு தடம். பல தலைமுறைக்கு முன் ஊரை விட்டவர்களும் மாசி சிவராத்திரிக்கோ பங்குனி உத்திரத்துக்கோ அந்தக் கோயிலுக்கு வருகிறார்கள். பிள்ளைக்கு முடியெடுத்துக் காது குத்துகிறார்கள். வர இயலாத தூரத்துக்குப் போனவர்கள் பிடிமண் கொண்டுபோய் அங்கே கோயில் எழுப்பியிருப்பார்கள். பிடிமண் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக் கேட்டுப் போனால் குடும்பம் நடந்துவந்த வழி தெரியும். கோயிலில் பக்கத்தில் பொங்கல் வைப்பவர் முன்பின் அறியாத பங்காளியாக இருக்கலாம்.

கூட்டத்தின் ஒழுங்கு

ஒரு ராஜா பெண் கேட்டான், கொடுக்க மனமில்லாமல் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுக் கிளம்பினோம் என்ற கதையைத் தங்கள் குலக்கதையாகச் சொல்கிறவர்கள் நம்மிடையே பல சாதியிலும் உண்டு. ஒவ்வொருவரும் அது தங்களுக்கே உரியது என்று நம்புகிறார்கள். நாலு சாதிக்காரர் ஒரே பந்தலில் உட்கார்ந்து அதைச் சொல்லும்போதுதான், இது நம் எல்லோருக்கும் பொதுவான கதை என்பது புலப்படும். கதையைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. இடம்பெயர்ந்த நினைவும், பெண்ணைக் காக்க முடியாமல் போகுமோ என்ற பயமும் அதற்குள் இருக்கின்றன. ஆனால் அதை வைத்து ஒருவரைவிட ஒருவர் உயர்ந்தவர் என்று பேச முடியாமல் போய்விடும். தனியாகத் தேடினால் வம்சப் பெருமை கிடைக்கும். கூடித் தேடினால் ஊர் கிடைக்கும். ஒரு சாதியார் மட்டும் கூடும் பட்டறையை நான் பட்டறை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சில விதிகளை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெரியவர் பேசுவதைக் கைப்பேசியில் பதியும்முன் அனுமதி கேட்க வேண்டும். பதிவின் தொடக்கத்தில் தேதி, ஊர், பேசுகிறவர், கேட்கிறவர் பெயர்களைச் சொல்ல வேண்டும். இரண்டாம் தாரம், தத்துப் பிள்ளை, கடன், வீட்டைவிட்டுப் போனவர் என்று வீட்டுக்குள் மூடிவைத்த செய்திகள் வெளிவரும். அவற்றைப் பொதுவில் வைப்பதா என்பதை அந்த வீட்டாரே முடிவு செய்யட்டும். பழைய காகிதத்தை லேமினேட் செய்யக் கூடாது. பின்னால் பிரித்தெடுக்க முடியாது. புகைப்படத்தின் பின்புறம் மென்பென்சிலால், யார், எங்கே, எப்போது என்று மெல்ல எழுத வேண்டும். முகங்களை அடையாளம் சொல்லக்கூடியவர் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.

பட்டறை முடியும்போது பதினைந்து கட்டங்களும் நிரம்பியிருக்காது. நிரம்ப வேண்டியதும் இல்லை. ஒவ்வொரு வெற்றுக் கட்டத்துக்கும் நேரே, இதை யாரிடம் கேட்க வேண்டும், எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்த மொய் நோட்டு கிடைத்தது என்று வைத்துக்கொண்டால், பொன்னம்மாளுக்கு நேரே இப்போது ஒரு மாதமும் ஓர் ஊரும் ஒரு தம்பியின் பெயரும் இருக்கின்றன. அந்தத் தம்பியின் பேரப்பிள்ளைகள் இருக்கும் ஊர் பேருந்தில் போய்வரும் தூரம்தான். அவர்கள் வீட்டுப் பரணிலும் ஒரு செம்பு இருக்கும், அவர்களுக்கு யாரென்று தெரியாத ஒரு பெயரோடு. அந்தப் பெயர் நமக்குத் தெரிந்திருக்கக்கூடும். போகும்போது நம் செம்பையும் பையில் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும்.